விண்டோஸ் 10ஐ 11 மாதிரி ஆக்கிப் பார்த்தவர்கள் யாராவது உண்டா?

அரைத்திரை:

வணக்கம் நண்பர்களே. அலுவலகத்தில் கொடுத்திருக்கும் மடிக்கணினியில் விண்டோஸ் 11. வீட்டுப் பெட்டியில் 10. ஏழாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், பின்னால் எஸ்எஸ்டி மாற்றினேன். இன்னும் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் 11க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

அழகுக்காக மட்டும் கேட்கவில்லை. பகல் முழுக்க நடுவில் இருக்கும் ஸ்டார்ட் பொத்தானைச் சொடுக்கிப் பழகிய கை, இரவு வீட்டில் உட்கார்ந்ததும் திரையின் நடு அடியைத்தான் தேடுகிறது. அங்கே ஒன்றும் இல்லை. வெறும் இடத்தைச் சொடுக்கிச் சொடுக்கி எனக்கே சிரிப்பு வருகிறது.

தேடியதில் 'ஒரே சொடுக்கில் 11' என்று ஸ்கின் பேக்குகள், அதாவது தோற்றத்தை மொத்தமாக மாற்றும் தொகுப்புகள், கிடைக்கின்றன. ஒன்றை இறக்கி வைத்திருக்கிறேன். நிறுவலாமா?

கோப்புறை:

வேண்டாம்.

நீலத்திரை:

கோப்புறை ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பதை நான் சொல்கிறேன், ஏனென்றால் இதே பைத்தியம் எனக்கும் பிடித்திருந்தது.

2007 ஜனவரி கடைசியில் விஸ்டா வந்தது. அதன் சாளரங்களைச் சுற்றி இருக்கும் கண்ணாடி விளிம்பு வேண்டுமென்றால் டைரக்ட்எக்ஸ் 9, பிக்சல் ஷேடர் 2.0, புது வகை டிரைவர் எல்லாம் உள்ள கிராபிக்ஸ் கார்டு இருக்க வேண்டும். என்னிடம் இருந்தது 256 எம்பி ராமோடு ஒரு எக்ஸ்பி பெட்டி. அப்போது விஸ்டா போலவே மாற்றித் தரும் பேக்குகள் ஊரெல்லாம் சுற்றின. ஸ்டார்ட் பொத்தான் உருண்டையாகும், பக்கத்தில் கடிகாரம் தொங்கும், ஐகான்கள் பளபளக்கும்.

அது எப்படி வேலை செய்தது என்றால், எக்ஸ்பியின் தோற்றத்தைக் கவனிப்பது யூஎக்ஸ்தீம் என்கிற ஒரு டிஎல்எல் (செயலிகள் பகிர்ந்துகொள்ளும் நிரல் கோப்பு). மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட தீம்களை மட்டும் அது ஏற்கும். நீலம், ஆலிவ் பச்சை, வெள்ளி என்று மூன்று நிறமே எக்ஸ்பியில் கிடைத்ததற்கு அதுதான் காரணம். பேக் முதலில் அந்த டிஎல்எல்லைத் திருத்தி, கையொப்பம் பார்க்கும் இடத்தை முடக்கும். அடுத்து ஐகான்கள் இருக்கும் ஷெல்32 மாதிரியான சிஸ்டம் கோப்புகளை மாற்றும். உடனே எக்ஸ்பியின் கோப்புக் காவல் விழித்துக்கொண்டு, 'தெரியாத கோப்புகள் வந்திருக்கின்றன, குறுந்தட்டைப் போடு' என்று கேட்கும். நாம் 'வேண்டாம்' அழுத்துவோம். அந்த அழுத்தோடு நம் வீட்டுக் காவல்காரனை நாமே வெளியே அனுப்பியாயிற்று.

எனக்கு அதுவும் போதவில்லை. கணினி தொடங்கும்போது வரும் படத்தையும் மாற்ற ஆசை. எக்ஸ்பியில் அந்தப் படம் கெர்னல் என்கிற, விண்டோஸின் மையக் கோப்புக்குள்ளேயே 16 நிறப் படமாக உட்கார்ந்திருக்கும். விவரம் தெரிந்தவர்கள் கெர்னலின் நகல் ஒன்றில் படத்தை மாற்றி, பூட் கோப்பில் ஒரு வரி சேர்த்து அந்த நகலைத் தனியாக அழைப்பார்கள். நான் நேராக மூலக் கோப்பிலேயே கை வைத்தேன். மறுநாள் காலை கணினி எழவே இல்லை, நீலப் பிழைத்திரை மட்டும். என் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

உடைந்தசன்னல்:

அண்ணே, இது பழங்கதை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எனக்கு விண்டோஸ் 10லேயே நடந்தது. தீமைத் திறக்க ஒரு பேட்ச் போட்டு, 11 போன்ற ஒரு தீமும் போட்டேன். ஒரு மாதம் ராஜா மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு பெரிய அப்டேட் வந்தது. கடவுச்சொல் கொடுத்தால் கறுப்புத் திரை, நடுவில் எலிக்குறி மட்டும்.

10க்கான தீம் கோப்புகள் ஒவ்வொரு பில்டுக்கும் (விண்டோஸின் உட்பதிப்புக்கும்) தனித்தனி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பழைய பில்டுக்குச் செய்த தீமைப் புது பில்டு படிக்கப் போய்த் தடுமாறியிருக்கிறது. நுழைவுத் திரையிலேயே ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, மீட்புத் திரைக்குப் போய், சிஸ்டம் ரீஸ்டோர் செய்து தப்பித்தேன். பழைய நிலையைச் சேமித்து வைத்த ரீஸ்டோர் பாயின்ட் ஒன்று இருந்தது என் அதிர்ஷ்டம். பல கணினிகளில் அந்தப் பாதுகாப்பு அணைத்தே கிடக்கிறது, ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அரைத்திரை:

சரி, பேக்கை அழித்துவிட்டேன். ஆனால் ஒரு சந்தேகம். நீலத்திரை அண்ணே, அந்த எக்ஸ்பி பேக் போட்டபோது கண்ணாடி விளிம்பு உண்மையிலேயே வந்ததா? இங்கேயும் 11இன் சாளரங்களுக்கு இருக்கும் அந்த வளைந்த மூலைகள் வருமா?

நீலத்திரை:

நல்ல கேள்வி தம்பி. வரவில்லை. அல்லது, வந்த மாதிரி நடித்தது.

எக்ஸ்பியில் ஒவ்வொரு செயலியும் நேராகத் திரையிலேயே வரையும். ஒரு சாளரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. அதனால்தான் செயலி ஒன்று தொங்கிப்போனால், அதன் மேல் வேறு சாளரத்தை இழுக்க இழுக்கச் சீட்டுக்கட்டை விரித்தது போலத் தடம் விழும். விஸ்டாவில்தான் டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர் வந்தது. ஒவ்வொரு சாளரமும் தனக்கென்று ஒரு படத்தில் வரையும். எல்லாப் படங்களையும் அடுக்கித் திரையாக்குவது அந்த மேனேஜர். பின்னால் இருப்பது அதற்குத் தெரியும் என்பதால் மங்கலாக்கிக் காட்ட முடிந்தது. எக்ஸ்பியில் இதைப் போலிசெய்த கருவிகள் சாளரத்தை நகர்த்தினாலே திணறும்.

11இல் மூலையை வளைத்து வெட்டுவதும் அதே மேனேஜர்தான். நூறு சதவீத அளவில் 8 பிக்சல் வளைவு. 10இல் இருக்கும் மேனேஜருக்கு அந்த வேலை சொல்லித்தரப்படவில்லை. தீம் என்பது விளிம்புக்குப் பூசும் வண்ணம். சாளரத்தின் உள்ளே இருப்பதை அது வெட்டாது. மூலையை விட்டுவிடு. விட்டால் பாதித் தலைவலி போய்விடும்.

கோப்புறை:

இப்போது விரிவாகவே எழுதுகிறேன். முதலில் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னதற்கு மன்னிக்கவும், பேருந்தில் இருந்தேன்.

என் கணக்கு எளிது. விண்டோஸே மாற்ற இடம் கொடுக்கும் இடங்களில் மட்டும் மாற்றுங்கள். சிஸ்டம் கோப்பு எதையும் தொடவேண்டாம். இந்த எல்லைக்குள்ளேயே முக்கால்வாசி தூரம் போய்விடலாம்.

டாஸ்க்பாரை நடுவுக்குக் கொண்டுவர எந்தக் கருவியும் வேண்டாம். டாஸ்க்பாரில் வலது சொடுக்கி, பூட்டை எடுங்கள். அங்கேயே டூல்பார்கள் பட்டியலில் 'லிங்க்ஸ்' என்று இருக்கும், அதைச் சேருங்கள். இப்போது சின்னதாக இரட்டைக் கோடு போட்ட கைப்பிடிகள் தெரியும். லிங்க்ஸின் கைப்பிடியைப் பிடித்து, உங்கள் ஐகான்களைத் தாண்டி இடது ஓரம் வரை இழுங்கள். ஐகான்கள் அதற்கு வலப்பக்கம் வந்துவிடும். ஒரே இழுப்பில் வராது, சண்டித்தனம் செய்யும். இரண்டு மூன்று தடவை இழுக்க வேண்டியிருக்கும். பிறகு லிங்க்ஸ் மேல் வலது சொடுக்கி, எழுத்தையும் தலைப்பையும் அணைத்துவிடுங்கள். ஐகான்களின் கைப்பிடியை நடுவுக்குத் தள்ளிவிட்டுப் பூட்டுங்கள். தேடல் பெட்டியை மறைத்துவிட்டால் இடமும் சுத்தமாகும்.

இதில் ஒரு குறை உண்டு. நீங்கள் வைத்த இடத்திலிருந்து ஐகான்கள் வலப்பக்கமாகவே வளரும். பத்து செயலி திறந்தால் நடு என்பது நடுவாக இருக்காது. தானாகவே நடுவில் நிறுத்திக்கொண்டிருக்க வேண்டுமானால் டாஸ்க்பார்எக்ஸ் மாதிரி ஒரு கருவி பின்னால் ஓட வேண்டும். டாஸ்க்பாரைக் கண்ணாடியாக்க டிரான்ஸ்லூசென்ட்டிபி இருக்கிறது, அது திறந்த மூலம், இலேசானது. இரண்டுமே சிஸ்டம் கோப்பை மாற்றாதவை. வேண்டாம் என்றால் அகற்றிவிட்டால் பழையபடி.

ஸ்டார்ட் மெனுவில் இருக்கும் ஓடுகளை எல்லாம் ஒவ்வொன்றாக அன்-பின் (unpin) செய்து நீக்கிவிடுங்கள். 11இல் உயிரோட்டமான ஓடுகளே கிடையாது, எனவே அதுவே பாதி ஒற்றுமை. எல்லாம் போனதும் மெனு ஒல்லியாகிவிடும்.

ஐகான்களில் பலரும் தவறு செய்கிறார்கள். 10இல் 1903 பதிப்பிலிருந்து பெரும்பாலான சிஸ்டம் ஐகான்கள் டிஎல்எல்லிலிருந்து பிரிந்து, சிஸ்டம் ரிசோர்சஸ் அடைவில் எம்யூஎன் என்ற நீட்சியோடு உட்கார்ந்திருக்கின்றன. அதைத் திருத்தச் சொல்லும் வழிகாட்டிகளைப் பார்த்தால் ஓடிவிடுங்கள். அடுத்த அப்டேட்டில் எல்லாம் பழையபடி ஆகும், அல்லது பாதி மட்டும் ஆகும். மேசைமேல் தெரியும் ஐகான்களை (குப்பைத்தொட்டி, இந்தக் கணினி போன்றவை) டெஸ்க்டாப் ஐகான் அமைப்பிலேயே மாற்றலாம். மஞ்சள் அடைவு ஐகானுக்கு, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் எக்ஸ்ப்ளோரரின் கீழ் 'ஷெல் ஐகான்ஸ்' என்று ஒரு சாவி உருவாக்கி, 3, 4 என்ற பெயர்களில் உங்கள் ஐகான் கோப்பின் பாதையைக் கொடுத்தால் போதும். 3 மூடிய அடைவு, 4 திறந்த அடைவு. ஐகான் தற்காலிகச் சேமிப்பைத் துடைத்துவிட்டு வெளியேறி உள்ளே வாருங்கள். பிடிக்கவில்லையா, சாவியை அழித்தால் சரி.

வால்பேப்பர், ஒலிகள், எலிக்குறி எல்லாம் செட்டிங்ஸிலேயே இருப்பவை. 11இன் அந்த நீலப் பூ வால்பேப்பரை வைத்த உடனே பத்தில் ஏழு பேர் '11 போட்டாயா?' என்றுதான் கேட்பார்கள். உழைப்புக்கும் பலனுக்கும் சம்பந்தமே இல்லாத இடம் அது.

தாவல்பிரியன்:

டாஸ்க்பார் உயரத்தை விட்டுவிட்டீர்கள். 10இல் 40 பிக்சல், 11இல் 48. அந்த எட்டு பிக்சல்தான் 11க்கு ஒரு காற்றோட்டம் கொடுக்கிறது. 10இல் மேலே இழுத்தால் 48க்கு வராது, ஒரேயடியாக இரண்டு வரிசையாகிவிடும்.

கோப்புறை:

உண்மை. எனக்கும் அது உறுத்தும். பழகிவிட்டேன்.

வால்முளைத்தபறவை:

இவ்வளவு பாடுபடுவதற்கு லினக்ஸ் போட்டுவிடலாமே. கேடிஈ பிளாஸ்மா என்கிற லினக்ஸ் டெஸ்க்டாப்பில் பேனலை (அங்கே டாஸ்க்பார் அதுதான்) நடுவில் வைக்கலாம், மிதக்க விடலாம், உயரத்தை 48 என்று எண்ணாகவே கொடுக்கலாம். பின்னணி மங்கலாவதை அங்கே கேவின் என்கிற மேனேஜரே பார்த்துக்கொள்கிறது. நீங்கள் மேலே அழுத இரண்டு குறையும் இல்லை.

நீலத்திரை:

பறவையாரே, அங்கேயும் முள் உண்டு. முழுத் தோற்றத்தையும் ஒரேயடியாக மாற்றும் பிளாஸ்மாவின் குளோபல் தீம்கள் வெறும் படக்கோப்புகள் இல்லை, நிரல் ஓட்டக்கூடியவை. 2024 மார்ச்சில் அப்படி ஒரு தீமை நிறுவிய பயனருக்குச் சொந்தக் கோப்புகளே அழிந்துபோய், கேடிஈ குழுவே எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று.

வால்முளைத்தபறவை:

மறுக்கவில்லை. நானும் குளோபல் தீம் போடுவதில்லை. வண்ணம், ஐகான், பேனல் என்று தனித்தனியாக எடுத்துப் பொருத்துவேன். அதுதானே கோப்புறையும் சொல்கிறார்.

அரைத்திரை:

லினக்ஸ் இப்போதைக்கு வேண்டாம் பறவை. வீட்டில் ஒரு பழைய ஸ்கேனர் இருக்கிறது, அதன் மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும்.

மீள்துவக்கி:

எதற்கு இந்த வேடம்? ஏழாம் தலைமுறையில் 11ஐயே நிறுவலாம். ரூஃபஸ் என்கிற கருவியில் நிறுவல் பென்டிரைவ் செய்யும்போது சோதனைகளைத் தவிர்க்கும் பெட்டியை டிக் செய்தால் முடிந்தது. நான் ஆறாம் தலைமுறையில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

கோப்புறை:

ஓடும், மறுக்கவில்லை. ஆனால் ஆதரவில்லாத கணினிக்கு அப்டேட் வந்தே தீரும் என்ற உறுதி கிடையாது. ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்பும் தானாக வராது, ஒவ்வொரு தடவையும் நீங்களே கையால் ஏற்ற வேண்டும்.

மீள்துவக்கி:

ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. 10க்கு மட்டும் என்ன உறுதி வாழ்கிறது? 2025 அக்டோபர் 14உடன் அதன் ஆதரவு முடிந்தது. பாதுகாப்பு அப்டேட்டுகளுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்த வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை. முகத்துக்குப் பவுடர் போட்டால் உள்ளே இருக்கும் நோய் போகுமா?

கோப்புறை:

இந்த இடத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. அரைத்திரை, நீட்டிப்பில் பதிந்திருக்கிறீர்களா? இல்லையென்றால் டாஸ்க்பாரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அதைச் செய்யுங்கள். அப்டேட் பக்கத்திலேயே இருக்கும்.

அரைத்திரை:

பதிந்துவிட்டேன். மீள்துவக்கி சொன்னதையும் குறித்து வைத்துக்கொண்டேன். வேறு ஒரு வட்டு வாங்கி அதில் போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

இதற்கிடையில் கோப்புறை சொன்னதை எல்லாம் நேற்று இரவு உட்கார்ந்து செய்தேன். லிங்க்ஸ் கைப்பிடி மூன்றாவது இழுப்பில்தான் மசிந்தது. ஐகான்கள் நடுவில், நீலப் பூ பின்னால், அடைவு ஐகான் புதிது. தள்ளி நின்று பார்த்தால் அசல் 11தான். கிட்டே வந்தால் மூலை குத்துகிறது, பரவாயில்லை.

ஆனால் ஸ்டார்ட் பொத்தான் இன்னும் இடது ஓரத்திலேயே நிற்கிறதே! நான் கேட்டதே அதைத்தானே. ஐகான்கள் மட்டும் நகர்ந்துவிட்டன, இப்போது நடுவில் சொடுக்கினால் வெறும் இடத்துக்குப் பதில் உலாவி திறக்கிறது.

கோப்புறை:

அடடா. கேள்வியின் உயிரை நான் கோட்டை விட்டிருக்கிறேன். 10இல் ஸ்டார்ட் பொத்தான் நகராது. நடுவில் ஒரு போலிப் பொத்தானைப் பின் செய்து, அதைச் சொடுக்கினால் விண்டோஸ் விசையை அழுத்தும்படி ஆட்டோஹாட்கீ என்கிற கருவியில் ஒரு வரி எழுதலாம். மெனு என்னவோ இடது மூலையில்தான் திறக்கும்.

தாவல்பிரியன்:

போலிப் பொத்தான் எதற்கு, விசைப்பலகையிலேயே அசல் விசை இருக்கிறதே. விண்டோஸ் விசையைத் தட்டி, செயலியின் பெயரில் இரண்டு எழுத்து அடித்து, என்டர். 10, 11 இரண்டிலும் ஒன்றுதான். நான் ஸ்டார்ட் பொத்தானை எலியால் தொட்டே பல வருடம் ஆகிறது.

11இல் பெரிதாக்கும் பொத்தானின் மேல் எலியை வைத்தால் சாளரங்களை எப்படி அடுக்குவது என்று கட்டங்கள் காட்டுமே, அலுவலகத்தில் அதைப் பயன்படுத்துவீர்கள் என்றால், வீட்டில் பவர்டாய்ஸ் போடுங்கள். மைக்ரோசாஃப்டின் சொந்தக் கருவி, இலவசம், 10லும் ஓடும். அதில் ஃபேன்சிசோன்ஸ் என்று ஒரு பகுதி. கட்டங்களை நீங்களே வரைந்துகொள்ளலாம். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு சாளரத்தை இழுத்தால் கட்டத்துக்குள் போய் உட்காரும். 11இல் வருவதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. தோற்றத்தைவிட, கை செய்யும் வேலையை இரண்டு கணினியிலும் ஒன்றாக்குவதுதான் உங்களுக்கு வேண்டியது என்று தோன்றுகிறது.

வலதுசொடுக்கு:

வேடிக்கையாக இருக்கிறது. என்னிடம் 11 இருக்கிறது. அதை 10 மாதிரி ஆக்கத்தான் நான் ஆறு மாதமாகப் போராடுகிறேன். எக்ஸ்ப்ளோரர்பேட்சர், ஸ்டார்ட்ஆல்பேக் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாயிற்று. வலது சொடுக்கினால் பாதி மெனுவைக் காட்டி, 'மேலும் காட்டு' என்று இன்னொரு சொடுக்குக் கேட்கும் அந்த அழகு உங்களுக்கு வேண்டுமா? சும்மாவே தருகிறேன்.

உடைந்தசன்னல்:

அக்கா, எக்ஸ்ப்ளோரர்பேட்சரும் அப்டேட் வந்தால் சில சமயம் மக்கர் செய்யும். ரீஸ்டோர் பாயின்ட்!

அரைத்திரை:

ஒரு சின்னக் கேள்வி, இதையும் கேட்டுவிடுகிறேன். 11இன் புது எழுத்துரு சேகோ யூஐ வேரியபிளை இறக்கி, சிஸ்டம் எழுத்துருவாக்க ரெஜிஸ்ட்ரியில் மாற்றினால், தமிழ்ப் பெயர் வைத்த கோப்புகள் கெட்டுப்போகுமா?

நீலத்திரை:

தமிழ் கெடாது. சேகோவில் தமிழ் எழுத்தே கிடையாது. நீ இப்போது பார்க்கும் தமிழ் எல்லாம் நிர்மலா யூஐ. விண்டோஸ் 8இலிருந்து அதுதான். அதற்கு முன்னால் லதா. சேகோவில் எழுத்து இல்லை என்றதும் விண்டோஸ் தானாகவே நிர்மலாவிடம் போகும். எக்ஸ்பி காலத்தில் இந்தச் சுகம் இல்லை, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான ஆதரவைத் தனியாக டிக் செய்து நிறுவ வேண்டும். மறந்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்.

கெடுவது வேறு. சேகோ எம்டிஎல்2 என்று ஒரு குறியீட்டு எழுத்துரு இருக்கிறது. செட்டிங்ஸில் பார்க்கும் படங்கள் எல்லாம் அதில் இருக்கும் எழுத்துகள்தான். சேகோ என்று தொடங்குவதை எல்லாம் மொத்தமாக மாற்றினால் அந்தப் படங்கள் கட்டம் கட்டமாகிவிடும். எழுத்துருவுக்காக ரெஜிஸ்ட்ரியில் இறங்குவது என் கணக்கில் வீண். 11இலேயே பழைய உரையாடல் பெட்டிகள் பழைய சேகோவில்தான் இருக்கின்றன.

அரைத்திரை:

அப்படியானால் எழுத்துருவை விட்டுவிடுகிறேன். பவர்டாய்ஸ் போட்டாயிற்று, ஃபேன்சிசோன்ஸ் அருமை. விண்டோஸ் விசைதான் இன்னும் பழகவில்லை, கை எலிக்கே போகிறது.

வலதுசொடுக்கு:

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 11இல் டாஸ்க்பார் ஐகான்களை இடப்பக்கம் வைக்கலாம் தெரியுமா? செட்டிங்ஸ், பர்சனலைசேஷன், டாஸ்க்பார், அதில் கடைசியாக இருக்கும் நடத்தைகள் பகுதி. 'நடு' என்பதை 'இடது' ஆக்கினால் ஸ்டார்ட் பொத்தானும் சேர்ந்து ஓரத்துக்கு வந்துவிடும். வீட்டுக் கணினியை அலுவலகம் போல ஆக்குவதற்கு, அலுவலகத்துக் கணினியை வீடு போல ஆக்கியிருக்கலாமே?

நீலத்திரை:

இத்தனை பேர் இருந்தும் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. நான் கெர்னல் வரை போய்விட்டேன்.

கோப்புறை:

நான் பேருந்திலேயே இருந்திருக்கலாம்.

அரைத்திரை:

மூன்று நாள் கழித்து வருகிறேன். திங்கட்கிழமை காலையிலேயே அலுவலகக் கணினியில் இடது என்று மாற்றிவிட்டேன், பத்து விநாடி வேலை. ஆனால் வீட்டில் நடுவில் வைத்த ஐகான்களை எடுக்க மனம் வரவில்லை, அவ்வளவு இழுத்துக் கொண்டுவந்தது. அதனால் இப்போது நிலவரம் இது: 11 இருக்கும் இடத்தில் எல்லாம் இடது ஓரம், 10 இருக்கும் இடத்தில் ஐகான் நடுவில். கை இரண்டு இடத்திலும் தவறாகப் போகிறது.

தாவல்பிரியன்:

விண்டோஸ் விசை.

அரைத்திரை:

பழகிக்கொண்டிருக்கிறேன்.